காலிக் கட்டங்களை நம்பாத பிலோமினா

பிலோமினா இறந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது நான் அதை நம்பவில்லை. தெரியாத எண்ணிலிருந்து வந்திருந்தது. செய்திக்குக் கீழே, சர்ச்சில் அடக்கத் திருப்பலி நடக்கும் இடத்துக்கு வழி காட்ட ஒரு இணைப்பு வேறு. இந்தக் காலத்தில் இப்படிச் சாவுச் செய்தி அனுப்பித்தான் போனைத் திறந்து பணத்தைச் சுருட்டுகிறார்கள். இணைப்பைத் தொடாமல் பிலோமினாவின் எண்ணுக்கே போன் செய்தேன். அவருடைய தம்பி எடுத்தார்.

"நீங்க போன் பண்ணுவீங்கன்னு தெரியும் சார். செக் பண்ணாம எதையும் நம்ப மாட்டாருன்னு அக்கா சொல்லும்" என்றார். திருப்பலி எங்கே, எத்தனை மணிக்கு என்று அவரிடமே கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

போன மாதம் உடம்பு சரியில்லை என்று பிலோமினா விடுப்பு எழுதிக் கொடுத்தபோதும் வேறு கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போகிறார் என்றுதான் நினைத்தேன். இன்று அவரை நினைக்கக் கூடியிருக்கும் உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள், என்னைப் பற்றியும் தெரியும் என்பதால் இதை மறைக்க ஒன்றுமில்லை.

நந்தனத்தில் எங்கள் வரைபட அலுவலகத்தில் நானும் அவரும் எதிரெதிர் மேசை. திரையில் தெரியும் ஒவ்வொரு வீட்டுக் கட்டத்துக்கும் பின்னால் அட்டவணையில் ஒரு வரி இருக்கும். எஸ்கியூஎல் என்ற கணினி மொழியில் எழுதி அந்த வரிகளைக் கேட்டு எடுப்போம், திருத்துவோம். கேட்பது செலக்ட், திருத்துவது அப்டேட். செலக்ட்டில் தப்பு செய்தால் நமக்குத்தான் அசிங்கம். அப்டேட்டில் தப்பு செய்தால் ஊருக்கே கேடு. ஒருமுறை எங்கள் முதலாளி அவசரத்தில் எந்தத் தெருவுக்கு என்ற நிபந்தனை போடாமல் அப்டேட் கொடுத்துவிட்டார். தியாகராய நகரில் அத்தனை தெருவும் உஸ்மான் சாலை ஆகிவிட்டது. அவர் யாரைத் திட்டலாம் என்று சுற்றிப் பார்த்தார். பிலோமினா பழைய பிரதியைத் திறந்துகொண்டே, "மஞ்சளப் பாக்காம அப்டேட்ட அமுக்காதீங்க சார்" என்றார். செலக்ட் கொடுத்தால் சிக்கும் வீடுகளும் தெருக்களும் வரைபடத்தில் மஞ்சளாக மாறும். அதை முதலில் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

அடையாற்றுக் கரையில் இருக்கும் குடியிருப்போர் சங்கங்கள் சில சேர்ந்து எங்களிடம் ஒரு வெள்ள வரைபடம் கேட்டிருந்தன. தண்ணீர் ஏறினால் தரைத்தள வீடுகளுக்குத்தான் படகு முதலில் போக வேண்டும். தொண்டர்கள் வீடு வீடாகப் போய்த் தரைத்தளமா என்று கேட்டு, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று பதிந்து தந்தார்கள். நான் 'ஆம்' உள்ள வீடுகளை ஒரு பட்டியலாகவும், 'ஆம்' அல்லாதவற்றை இன்னொரு பட்டியலாகவும் எடுத்து, வேலை முடிந்தது என்று காபிக்கு எழுந்தேன்.

"ரெண்டையும் கூட்டிப் பாத்தீங்களா சார்?" என்றார் பிலோமினா.

கூட்டினால் மொத்தத்தைவிடக் குறைந்தது. என் கணக்கில் குற்றம் கண்டுபிடிக்கவே காத்திருந்தார் என்று எனக்கு எரிச்சல். ஆனால் அவர் சொன்னது சரி. எதுவும் பதியாத காலிக் கட்டம், 'ஆம்' என்று கேட்டாலும் வராது, 'ஆம் அல்ல' என்று கேட்டாலும் வராது. காலியா என்று மூன்றாவதாகத் தனியே கேட்க வேண்டும். கேட்டோம். ஆற்றோரமாக மஞ்சள் வீடுகள் வரிசையாக வந்தன. அவை தொண்டர்கள் மணி அடித்தும் கதவு திறக்காத வீடுகள்.

சங்கத்தார் அவசரப்படுத்தினார்கள். காலியாக இருப்பதையெல்லாம் 'இல்லை' என்று மாற்றிவிட்டு வரைபடத்தைக் கொடுத்துவிடலாம் என்று அப்டேட்டை எழுதிவிட்டேன்.

"மஞ்சளப் பாருங்க சார். கதவத் தொறக்காதவங்க யாரு? வேலைக்குப் போனவங்க, காது கேக்காதவங்க, எழுந்து வர முடியாதவங்க. அப்புறம் உங்கள மாதிரி யாரையும் நம்பாதவங்க."

திரையை உற்றுப் பார்த்தேன். அதில் ஒன்று என் அக்காவின் வீடு. தரைத்தளம், தனி ஆள். யார் வந்தாலும் திறக்காதே என்று சொல்லி வைத்தவனே நான்தான். அதைப் பிலோமினாவிடம் சொன்னேன். அந்த ஒரு வீட்டை மட்டும் 'ஆம்' ஆக்கிவிடலாமா என்றும் கேட்டேன்.

"தெரிஞ்சவங்களுக்கு மட்டும் ஆமா போட்டா மத்தவங்க என்ன சார் பண்ணுவாங்க? நமக்குத் தெரியலன்னா அது நம்ம குறை. தெரியற வரைக்கும் எல்லாருக்கும் ஆமான்னே இருக்கட்டும்" என்று என் அப்டேட்டில் 'இல்லை'யை அழித்து 'ஆம்' என்று எழுதினார்.

வேலையை இழுத்தடிக்கத்தான் இப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அதற்குத் தோதாக, மறுநாளிலிருந்து மதிய இடைவேளையில் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். வேர்த்து விறுவிறுத்துத் திரும்புவார். எங்கே போனீர்கள் என்றால், "சும்மா இப்படித்தான் சார்" என்பார். கிண்டியில் ஏதோ கம்பெனியில் பேச்சுவார்த்தை நடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த நாட்களில் அக்கா போனில், "யாரோ ஒரு பொண்ணு வந்து பெல் அடிக்கறாடா. ஜன்னல் வழியா பேசி அனுப்பிட்டேன்" என்றாள். ரொம்பச் சரி, திறந்துவிடாதே என்றேன்.

ஒருநாள் அப்படித் திரும்பி வந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே பிலோமினா, "சின்ன வயசுல உங்கள வீட்ல எப்படி சார் கூப்பிடுவாங்க?" என்று கேட்டார். வாய் தவறி "சுண்டு" என்று சொல்லிவிட்டேன். சிரித்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். நான் என் டிபன் பாக்ஸை மூடிவிட்டேன். பாஸ்வேர்டு மறந்தால் வங்கியில் கேட்கும் கேள்வியல்லவா அது? அன்று சாயங்காலமே எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை ஆறு கரையை மீறியது. தியாகராய நகரில் என் தெருவே முழங்கால் தண்ணீர். அக்காவின் போன் அடிக்கவில்லை. அவள் வீட்டுக் கதவையும், அதைத் திறக்காதே என்று நான் சொன்னதையும் நினைத்துக்கொண்டே மறுபடி மறுபடி அவள் எண்ணை அமுக்கினேன். மதியம் வேறு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள்.

"பள்ளிக்கூட மாடில இருக்கேன். நீ அனுப்பின ஆளோட படகுல வந்துட்டேன்."

"நான் யாரையும் அனுப்பலையே" என்றேன். யாரோ ஏமாற்றி அழைத்துப் போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

"சுண்டு சொல்லி வந்துகீறோம், கதவத் தொறம்மான்னு அந்தப் படகுக்காரன் கத்தினானே. அது வேற யாருக்குடா தெரியும்?"

தண்ணீர் வடிந்து அலுவலகம் போனதும் வரைபடத்தில் அக்காவின் வீட்டைத் தட்டிப் பார்த்தேன். படகுக்காரர்கள் பார்த்துப் போகும் குறிப்பு என்ற கட்டத்தில் இப்படி இருந்தது: 'மணி அடித்தால் திறக்க மாட்டார். ஜண்ணல் வழியே பேசுவார். தம்பி சொன்னால்தான் திறப்பாராம். சுண்டு சொல்லி வந்ததாகச் சொல்லவும்.' மற்ற மஞ்சள் வீடுகளையும் தட்டிப் பார்த்தேன். 'காது கேட்காது, பின்பக்கக் கதவைத் தட்டவும்.' 'படுக்கையில் இருப்பவர், சாவி மாடி வீட்டில்.' 'நாள் முழுக்க வேலை, பாட்டி மட்டும்.' மதிய வெயிலில் அவர் போனது இந்த வீடுகளுக்குத்தான்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே" என்று பிலோமினாவிடம் கேட்டேன்.

"சொல்லியிருந்தா அக்காகிட்டக் கதவத் தொறக்கச் சொல்லியிருப்பீங்களா சார்?"

மாட்டேன் என்றேன். உண்மை அதுதான். அவர் ஹெல்மெட்டை மேசைக்கடியில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

மயிலாப்பூரில் பிலோமினாவின் பங்குக் கோவிலில் திருப்பலி முடிந்து, அடக்கத்துக்கும் போய்விட்டு, நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அன்று வந்து மணி அடித்த பெண் இறந்துவிட்டார் என்று சொன்னேன்.

"யாருடா சொன்னா? நன்னா விசாரிச்சியா?"

"பாத்துட்டுத்தான் வரேன்."

அக்கா எழுந்து ஜன்னலருகே போனாள். "அந்த வெயில்ல நின்னுண்டிருந்தாடா. அவளுக்கு நான் ஒருதரம்கூடக் கதவைத் தெறக்கல" என்றாள்.

என் குணம் மாறவில்லை. பிலோமினாவும் அதை மாற்றச் சொன்னதில்லை. ஆனால் இப்போதெல்லாம் இரண்டு பட்டியல் எடுத்த பிறகு காபிக்கு எழுந்திருப்பதில்லை, மூன்றாவதையும் கேட்கிறேன். அக்கா வீட்டுக் கட்டத்தைத் தட்டினால், கடைசியாகத் திருத்தியவர் என்ற இடத்தில் இன்றும் பிலோமினா என்றுதான் வருகிறது. அந்தக் குறிப்பில் ஜன்னலை 'ஜண்ணல்' என்று எழுதிய ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது. அதை நான் திருத்துவதில்லை. திருத்தினால் அங்கே என் பெயர் வந்துவிடும்.