கடலில் விழுந்த எண்

வேலு சிட்டி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஆம்புலன்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி எழுத்தர் மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார். குழாயை மூட எனக்குத் தோன்றவில்லை. போன வாரம்தான் காஜா பெராங்கில் அவர் வீட்டுக்குப் போய், ஆட்டத்தில் ஏமாற்றுகிறார் என்று சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். அதைச் சரிசெய்ய இனி ஆள் இல்லை.

உங்களில் பலருக்கு அவரைக் கோயில் திருவிழாவில் எல்லோரையும் அதட்டும் மனிதராகத்தான் தெரியும். எனக்கு அவர் ஆம்புலன்ஸில் பக்கத்து இருக்கைக்காரர். நான் டிரைவர், அவர் உதவியாளர். பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட தமிழ் வணிகர் வழிவந்த சிட்டி என்பதால் வீட்டிலும் வெளியிலும் மலாய்தான். தமிழில் பத்து வார்த்தை தேறாது. மாரியம்மனிடம்கூட மலாயில்தான் பேரம் பேசுவார். இங்கே அவர் சொன்னதாக நான் எழுதுவதெல்லாம் என் தமிழ்.

சுதந்திரத்துக்கு முந்தைய அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உதவி போகாதபடி, தோட்டத்து ஜனங்களை லயக் குடியிருப்புகளிலிருந்து கிளப்பி, முள்வேலி போட்ட புதுக்கம்பங்களில், அதாவது புதுக் கிராமங்களில், வைத்தார்கள். பல இடங்களுக்குப் பெயர்கூட இல்லை. வரைபடத்தில் கட்டத்தின் எண் மட்டும்தான். ஒரு ராணுவக்காரர் வந்து அந்த எண்ணைப் படிக்கும் விதத்தை ஒரு காலைப்பொழுதில் சொல்லிக்கொடுத்தார். எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. வேலுவுக்குக் கோபம் வந்துவிட்டது. தாளில் கட்டம் போட்டு, குறுக்கிலும் நெடுக்கிலும் எண் எழுதி, ஆளுக்கு நான்கு கப்பலை ஒளித்து வைத்துத் தேடும் ஆட்டம் ஒன்றை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். பந்தயம், வறுத்த கச்சான், அதாவது வேர்க்கடலை. ராணுவக்காரர் சொன்ன முறைப்படி குறுக்கே போகும் எண்ணை முதலிலும் மேலே ஏறும் எண்ணைப் பிறகும் சொல்ல வேண்டும். கப்பல் இருந்தால் அடி, இல்லாவிட்டால் "ஆயேர்". தண்ணீர் என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். வேலைக்கு வருமுன் சினிமாக் கொட்டகையில் டிக்கட் கிழித்தவர். அங்கே வரிசை எண் முன்னால், நாற்காலி எண் பின்னால். அதே பழக்கத்தில் மேலே ஏறும் எண்ணை முதலில் சொல்லிவிடுவார். அவர் குண்டெல்லாம் தண்ணீரில் விழும். கச்சான் முழுவதும் என் பையில். கடைசியில் தனக்குத் தானே ஒரு வாய்ப்பாடு வைத்துக்கொண்டார்: "ஜாலான் டூலு, பாரு நாயிக்." முதலில் நட, பிறகு ஏறு. கடற்கரையோடு நடந்துவிட்டு மேட்டில் ஏற வேண்டும், அவ்வளவுதான் என்பார். அதற்குப் பிறகு அவரை ஜெயிக்க முடியவில்லை. அப்போதுதான் ஏமாற்றவும் தொடங்கினார் என்பது என் கட்சி.

ஒரு நாள் பிற்பகல் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து எங்களை அனுப்பினார்கள். பிரசவம், இரத்தப்போக்கு நிற்கவில்லை, பெயர் கமலம், தோட்டம் இன்னது. கீழே கட்ட எண். கமலம் என் அக்கா. ஊருக்குக் கிழக்கே புக்கிட் காதிலுக்கு அப்பால் தோட்டத்தில் இருந்தவளை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு. வேலிக் கதவைப் பூட்டிவிட்டால் விடியும்வரை யாரும் உள்ளே போக முடியாது, வெளியே வரவும் முடியாது.

எண் கிழக்கே காட்டுகிறது என்று வேலு சொன்னார். உஜோங் பாசிர் கடற்கரைப் பக்கம் விரட்டினேன். வழியில் வரைபடத்தை மடியில் விரித்து விரலை நகர்த்தியவர், மெதுவாகச் சொன்னார்: "ஆயேர்."

வண்டியை ஓரம் கட்டினேன். விரல் கடலில் இருந்தது. கரையைத் தாண்டி, மீன்பிடிப் படகு போகும் இடத்தில்.

சீட்டை எழுதியவர் மேலே ஏறும் எண்ணை முன்னால் போட்டுவிட்டார், மாற்றிப் படித்தால் புக்கிட் ரம்பாய்க்கு அப்பால் வருகிறது என்றார் வேலு. அது நேர் எதிர்த் திசை. கிழக்கே இருந்தவர்களை மேற்கே ஏன் கொண்டுபோகப் போகிறார்கள்? இப்படியே போய் வழியில் விசாரிப்போம் என்றேன். முடியாது என்றார். நான் கத்திவிட்டேன்.

"இது உங்க கச்சான் ஆட்டம் இல்ல. என் அக்கா உயிரு."

அவர் குரல் உயரவில்லை. "தெரியும், தம்பி. நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன். எத்தனை தடவ தோத்திருக்கேன்? வண்டியத் திருப்பு."

திருப்பினேன். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. வேலு வழி சொல்லிக்கொண்டே வந்தார். அவருக்கும் பயம்தான், மடியில் வரைபடத்தின் ஓரம் கசங்கிக்கொண்டே இருந்தது. புக்கிட் ரம்பாய் தாண்டி செம்மண் பாதையில் இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். வேலி எங்கும் தெரியவில்லை. வேலு தப்பாகச் சொல்லியிருந்தால் இவரை இங்கேயே இறக்கிவிட்டுப் போய்விடுவேன் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

வளைவு திரும்பியதும் முள்கம்பி தெரிந்தது. காவலர் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

அக்காவை ஒரு பலகையில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். முகத்தில் இரத்தமே இல்லை. திரும்பும் வழி முழுவதும் வேலு பின்னால் உட்கார்ந்து, அவள் கண்ணை மூடிவிடாமல் பார்த்துக்கொண்டார். அக்காவுக்கு மலாய் வராது. அதனால் தனக்குத் தெரிந்த தமிழ் வார்த்தைகளை ஒன்றுவிடாமல் உரக்கச் சொன்னார். அம்மா. சாமி. சோறு. தண்ணி. தம்பி. முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. ஆஸ்பத்திரி வாசல்வரை அந்தக் குரல் நிற்கவில்லை.

பிள்ளை தங்கவில்லை. அக்கா தங்கினாள்.

பிறகு எத்தனையோ முறை இதைப் பேச வாயெடுத்தேன். வேலு கட்டத் தாளை எடுத்து வைத்து, உன் முறை என்பார்.

அவர் நினைவாக என்னிடம் ஒரு தாளோ பென்சிலோ இல்லை. நேற்று அடக்கம் முடிந்து வந்து, சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆறிப்போகுது, சாப்பிடாம என்ன யோசனை என்று அக்கா அடுப்படியிலிருந்து திட்டினாள். வேலு எனக்கு விட்டுப்போனது அக்காவின் அந்தக் குரல்தான். சாப்பிட்டேன்.