கிருஷ்ணவேணி டீச்சரும் இருட்டில் சுரந்த மருந்தும்

சேதி வந்தபோது கல்லூரியின் கண்ணாடி கழுவும் அறையில் நான்கு பேர் இருந்தோம். தொட்டியடியில் நான், ராமாத்தாள். கழுவியதைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த தங்கமணி. வாசற்படியில் நின்று டீ குடித்த வேன் ஓட்டுநர் ஷாஜி. போனைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்த துறைத்தலைவர் சிவராஜ் சார். "கிருஷ்ணவேணி போயிட்டாங்க" என்றார் அவர். ஷாஜி டம்ளரைக் கீழே வைத்தான். தண்ணீர்க் குழாயை மூட எனக்குத் தோன்றவில்லை. தங்கமணிதான் மூடினாள்.

பித்தப்பையில் கல் என்று ஆபரேஷனுக்குக் கோயம்புத்தூர் போனவர். புண்ணில் சீழ் வைத்தது. மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். எதற்கும் அந்தக் கிருமி அடங்கவில்லை. அப்படி அடங்காத கிருமிகளுக்கு மருந்து தேடித்தான் டீச்சர் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் கல்லூரியில் ஒன்பது வருடம் தலை நிமிராமல் உழைத்தார். இதை எழுதக் கை வரவில்லை. எழுதாமல் விடவும் மனம் வரவில்லை.

மூணாறுப் பக்கம் தேயிலை எஸ்டேட் கூலியாட்களின் லயத்தில் பிறந்தவர். வந்த முதல் நாளே கழுவும் அறைக்கு வந்து, கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டு ஒன்றை எத்தனை தண்ணீரில் அலசுகிறேன் என்று கேட்டார். மூன்று என்றேன். "அஞ்சா ஆக்கிருங்கக்கா. சோப்பு துளி ஒட்டியிருந்தாலும் கிருமி செத்துப்போகும். நான் மருந்துதான் கொன்னுச்சுன்னு நம்பி ஏமாந்துருவேன்" என்றார். இருபது வருடமாகக் கழுவுகிறேன். ஏன் கழுவ வேண்டும் என்று எனக்குச் சொன்ன முதல் ஆள் அவர்.

அவர் மருந்து எடுக்கப் பார்த்த பூஞ்சை வடகரப்பதியில் என் தங்கச்சியின் கடலைக்காட்டு மண்ணிலிருந்து வந்தது. சாம்பல் பச்சையாக, பார்க்க ஒன்றுக்கும் ஆகாதது போல இருக்கும். கிருமி பரப்பிய தட்டில் அதிலிருந்து ஒரு துண்டை வைத்தால், சுற்றிலும் கிருமி செத்துத் தெளிவாக ஒரு வளையம் விழும். வளையம் விழுந்தால் மருந்து சுரந்திருக்கிறது. ஆனால் ஒரு வாரம் விழும், மறுவாரம் விழாது. அதே பூஞ்சை, அதே தட்டு. டீச்சர் சோறு தண்ணீர் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். சர்க்கரையைக் குறைத்துப் பார்த்தார். "நல்லாத் தின்னா வளர்ந்துக்கிட்டே இருக்கும்க்கா, மருந்து செய்யாது. பசி வந்தாத்தான் அந்த வேலையைத் தொடும். எங்க கங்காணிக்கு இது தெரிஞ்சிருந்தா எங்கம்மாவைச் சோத்துக்கே விட்டிருக்க மாட்டான்" என்று சிரித்தார். அப்போதும் வளையம் ஒழுங்காக வரவில்லை.

ஒரு நாள் மதியம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார், மடியில் நோட்டோடு. வளையம் வராத தேதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்த வாரம் அறையில் என்ன நடந்தது என்று கேட்டார். எனக்குப் படிப்பு நாலாம் வகுப்புதான். நடந்தது எதுவும் மறக்காது. ஒரு வாரம் மாரியம்மன் நோம்பிக்குப் போயிருந்தேன். ஒரு வாரம் பேத்திக்குக் காதுகுத்து. ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். எல்லாம் நான் வராத வாரங்கள்.

"அப்ப உங்க முகத்தைப் பார்த்தாத்தான் அது மருந்து செய்யுமாக்கா?"

"அதுக்கு எம் மொகம் தெரியாதுங்க டீச்சர். பல்லி எச்சம் உழுதுன்னு தட்டு வெக்கிற ரேக்கு மேல என்ற பழைய கறுப்புச் சேலையைப் போட்டு வெப்பனுங்க. நான் வராட்டி இந்தத் தங்கமணி அழுக்குன்னு உருவி எறிஞ்சுருவா."

டீச்சர் எழுந்து போய் ரேக்குக்கு மேலே எரியும் விளக்கைப் பார்த்தார். அந்த அறையில் டியூப்லைட்டை அணைப்பதே இல்லை.

மறுவாரம் பாதித் தட்டுகளைச் சேலைக்கடியிலும் பாதியை வெளிச்சத்திலும் வைத்தார். சேலைக்கடியில் இருந்த அத்தனையிலும் வளையம். வெளிச்சத்தில் இருந்தவற்றில் ஒன்றும் இல்லை. "மருந்து செய்யற ஜீனு அதுக்குள்ள எப்பவும் இருக்குக்கா. இருட்டுல ஒரு புரதம் உட்கருவுக்குள்ள போயி, கூட்டாளிகளோட சேர்ந்து அந்த ஜீனை எழுப்புது. வெளிச்சம் பட்டா உள்ள போகாம வாசல்லயே நின்னுக்குது" என்றார். வேறு பூஞ்சைகளில் இது தெரிந்த விஷயம்தானாம். யோசிக்காமல் போனேனே என்று தலையில் தட்டிக்கொண்டார். நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே என் பெயரை எழுதினார்.

துறைக் கூட்டத்தில் டீச்சர் இதைச் சொன்னபோது நான் டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். "அழுக்குச் சேலைக்கு ஜீன் கட்டுப்படுதாமா? அடுத்தாப்புல மாமியா பேச்சுக்கும் கட்டுப்படும்னு எழுதுவீங்களா?" என்றார் சிவராஜ் சார். எல்லோரும் சிரித்தார்கள். "வந்து பார்த்துட்டுச் சிரிங்க சார்" என்றார் டீச்சர். சார் வரவில்லை.

டீச்சர் ஆஸ்பத்திரியில் சேர்ந்த மறுவாரம் கல்லூரியைப் பார்வையிட ஆட்கள் வருவதாக இருந்தது. அறை பளிச்சென்று இருக்க வேண்டும், பூசணம் பிடித்த தட்டுகளையும் குளிர்பெட்டியில் பூஞ்சை வைத்திருக்கும் கண்ணாடிக் குழாய்களையும் அழித்துவிடு என்று சிவராஜ் சார் என்னிடம் சொன்னார். டீச்சரைக் கேட்க வேண்டாமா என்றேன். "கேட்டாச்சு. சரின்னுட்டாங்க" என்றார். நான் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் அடுக்கி, மூடியைத் திருகி, நீராவியில் வேகவைத்தேன். அதே கடலைக்காட்டில் முன்பே மூன்று முறை திரும்ப மண் எடுத்திருந்தோம். அந்தப் பூஞ்சை மறுபடி கிடைத்ததில்லை. இருந்தது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து டீச்சரைப் பார்க்கப் போனேன். உதடு வெடித்து, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, தட்டெல்லாம் இருட்டுலதான இருக்கு?"

அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"இருக்குதுங்க டீச்சர். நான் பாத்துக்கறனுங்க" என்றேன்.

திங்கட்கிழமை சிவராஜ் சாரின் மேசை முன்னால் போய் நின்று, டீச்சரிடம் கேட்டீர்களா என்றேன். காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், "பூசணந்தானே ஆத்தா, வேற மொளைக்கும்" என்றார். அதற்கடுத்த வியாழக்கிழமைதான் அந்தப் போன் வந்தது.

டீச்சரோடு பழகியவர்கள் இந்த நினைவு மலரில் அவருடைய அறிவையும் அடக்கத்தையும் எழுதுவீர்கள். என்னிடம் இருப்பது வேறு. நான் பொய் சொன்னதும் அவர் முகம் இறுக்கம் விட்டது. என் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். நாலு நாளில் அதுதான் முதல் தூக்கம் என்றாள் நர்ஸ். அந்தத் தூங்கிய முகத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பொய்க்காக என்னை நானே மன்னித்துவிட்டேன். அந்தச் சேலையை உருவி எறிந்ததற்காகத் தங்கமணியோடு இரண்டு வருடம் பேசாமல் இருந்தேன், அவளையும் மன்னித்தாயிற்று. இதைப் பிழை திருத்திய மூத்த பேத்தி, கடைசியில் இருக்கும் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொன்னாள். எடுக்கவில்லை. இரங்கல் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்த சிவராஜை நான் மன்னிக்க மாட்டேன்.