ஜனவரியில் ஏற்றிய மூன்றடுக்கு

நாவலூரில் அறுநூறு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செல்லம்மா தோட்ட வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. அங்கே அவளுக்குக் கோபக்காரி என்று பெயர். செம்பருத்திப் பாத்தியில் சிகரெட் துண்டு கிடந்தால், எந்த பால்கனியிலிருந்து விழுந்தது என்று நிமிர்ந்து பார்த்துக் கணக்குப் போட்டு, லிஃப்டில் ஏறிப்போய், அந்த வீட்டுக் கதவைத் தட்டி, துண்டை உரியவர் கையிலேயே கொடுத்துவிட்டு வருவாள்.

தேனீயும் அவளிடம் கோபத்தால்தான் வந்து சேர்ந்தது. மூன்று வருடத்துக்கு முன் தண்ணீர் மீட்டர் குழிக்குள் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. பூச்சி மருந்து அடிக்க ஆள் வந்தான். குழிக்கு முன்னால் போய் நின்றுகொண்டு செல்லம்மா நகரவே இல்லை. “மூடிய ஒழுங்கா மூடாதது உங்க தப்பு. அதுக்கு இதுங்க சாவணுமா?” என்று கேட்டாள். கடைசியில் காட்டாங்குளத்தூர்ப் பக்கமிருந்து தேனீ வளர்ப்புத் தெரிந்த ஒருவர் வந்து ஈக்களைப் பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தார். அவரிடமே மூன்று நாள் பயிற்சிக்கு லீவு போட்டுப் போய்வந்தாள். மூன்று வருடத்தில் ஒரு பெட்டி ஆறு பெட்டியானது.

பெட்டியின் கீழறை ராணிக்கும் குஞ்சுகளுக்கும் உரியது. தேனுக்காக அதன்மேல் உயரம் குறைந்த இன்னொரு பெட்டியை ஏற்றுவார்கள். அதுதான் தேன் அடுக்கு. அதை எப்போது ஏற்றுவது என்பதில் செல்லம்மா ஒரு இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டாள். கீழறையில் அடை கட்டுவதற்காகத் தொங்கவிட்ட எட்டு மரச்சட்டங்களையும் ஈ மூடியிருக்க வேண்டும். சட்டத்தின் மேல்விளிம்பில் புது மெழுகு வெள்ளையாகத் தெரிய வேண்டும். வெளியே முருங்கையோ வேம்போ புங்கையோ பூத்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் கை வைக்க மாட்டாள். அந்த முதல் அடுக்கு முக்கால்வாசி நிரம்பிய பிறகுதான் இரண்டாவதைப் பற்றிப் பேச்சே.

குடியிருப்புச் சங்கத்தின் புதிய செயலாளர் ஹரிபிரசாத்துக்கு இந்தக் காத்திருப்பெல்லாம் பிடிக்கவில்லை. ஐ.டி. கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர். வெளிநாட்டு வீடியோக்களில் ஆளுயரத்துக்கு அடுக்கிய தேன்பெட்டிகளைப் பார்த்துவிட்டு, பதினெட்டு தேன் அடுக்குகளை வரவழைத்துவிட்டார். யாரோ பயன்படுத்திக் கழித்த பழைய தேனடைகளும் அவற்றில் ஒட்டியிருந்தன. ஜனவரி முதல் வாரம் அது.

“செல்லம்மா, ஒவ்வொரு பாக்ஸ் மேலயும் மூணு மூணா வெச்சிடுங்க. குடியரசு தினத்துக்கு கெஸ்ட் வராங்க. பார்க்க நல்லா இருக்கணும்.”

“இப்ப வேணாம் சார். மழை இப்பதான் வுட்டுது. பூவே இல்ல. எட்டு சட்டத்துல நாலுலதான் ஈ கீது.”

“இடம் கொடுத்தாதானே அது வளரும்? வீடியோவுல தெளிவா சொல்றாங்க.”

“அது பெரிய ஈ சார், வேற ஜாதி. இது நம்மூரு ஈ. புடிக்கலன்னா மொத்தமா பறந்து பூடும். ரெண்டு பேரு குடியிருக்கிற வூட்டு மேல மூணு மாடி கட்டிவுட்டா யாரு பெருக்கறது, யாரு காவல் காக்கறது?”

அவர் சிரித்தபடி, “சரி, பார்க்கலாம்” என்று போய்விட்டார். சரி என்றால் சரிதான் என்று செல்லம்மா நம்பிவிட்டாள். மறுநாளே அவள் தாம்பரத்துக்குப் போக வேண்டியிருந்தது. மகள் கிறிஸ்டினாவுக்குப் பிரசவம். பதினான்கு நாள் ஆஸ்பத்திரியும் மகள் வீடுமாக அலைந்து, பேத்தியின் வாசனை இன்னும் சேலையில் இருக்க, திரும்பி வேலைக்கு வந்தாள்.

தோட்டத்தின் கோடியில் ஆறு பெட்டிகளும் கோபுரம் மாதிரி நின்றன. ஒவ்வொன்றின் மேலும் மூன்று அடுக்கு. நான்கு பெட்டிகளின் வாசலில் ஈ நடமாட்டமே இல்லை. முதல் பெட்டியைத் திறந்தாள். மேல் அடுக்குகளின் பழைய அடைகளில், மெழுகைத் தின்னும் மெழுகுப்பூச்சியின் புழுக்கள் துளைபோட்டு, சிலந்தி வலைபோல நூல் பின்னியிருந்தன. அந்த நூல் கீழறை வரைக்கும் இறங்கியிருந்தது. காவலுக்கு ஆள் போதாத ஈக்கள் கூட்டைவிட்டுக் கிளம்பியிருந்தன. கீழே மூடிய அறைகளுக்குள் பிறக்காத குஞ்சுகள் கருத்துக் கிடந்தன. அடுத்த மூன்று பெட்டிகளும் அப்படியே. மிச்சம் இரண்டில் மட்டும் கைப்பிடியளவு ஈக்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

செல்லம்மா அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, பிழைத்த இரண்டின் மேலிருந்த அடுக்குகளை இறக்கினாள். சர்க்கரைப் பாகு காய்ச்சி வைத்தாள். நேராக வாசலுக்குப் போய்க் காவலாளி மோகன்ராஜைப் பிடித்தாள்.

“யாரு ஏத்துனது?”

“செகரட்டரி சார்தான்க்கா. நானும் எலக்ட்ரீஷியனும் தூக்கிக் குடுத்தோம். நீ சொன்னேன்னு சொன்னாரு.”

அதற்குக்கூட அவள் அவ்வளவு கொதிக்கவில்லை. செயலாளர் வீட்டுக்குப் போக லிஃப்டுக்குள் ஏறியபோது கண்ணாடிக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘தோட்டப் பணியாளர் செல்லம்மாவின் கவனக்குறைவால் நான்கு தேனீக் குடும்பங்களை இழந்துவிட்டோம். வருந்துகிறோம்.’ இரண்டு முறை படித்தாள். ஏழு லிஃப்டிலும் ஏறி இறங்கிப் பார்த்தாள். ஏழிலும் அவள் பெயர்.

வீட்டில் கணவன் ஏசுபாதம், “வுடும்மா, பெரிய எடம். வேல பூடும்” என்றான்.

“வேல போனா வேற வேல. பேரு போனா?” என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளப் ஹவுஸில் உரிமையாளர்கள் கூட்டம். செல்லம்மா கோயிலுக்குப் போகாமல் அங்கே போனாள். கையில் புழு பின்னிய தேன் அடுக்கு. ஹரிபிரசாத் பேசிக்கொண்டிருந்த மேஜையின் மேல் அதைத் தூக்கி வைத்தாள். ஒரு புழு அவருடைய லேப்டாப் மேல் விழுந்து நெளிந்தது.

“செல்லம்மா, இது ஓனர்ஸ் மீட்டிங். அப்புறம் பேசலாம்.”

“என் பேர அப்புறமா சார் ஒட்டுனீங்க? ஏழு லிஃப்ட்லயும் உடனே தான ஒட்டுனீங்க?”

“யாரையும் குறை சொல்றதுக்காக இல்ல. ஒரு இன்ஃபர்மேஷன்...”

“இன்ஃபர்மேஷனா? நான் தாம்பரத்துல பொண்ணுக்குப் பிரசவம் பாத்துகினு இருந்தேன். அதப் போட்டியா? வேணாம் வேணாம்னு தலபாடா அடிச்சிக்கினேனே, அதப் போட்டியா?” கோபத்தில் ‘நீங்க’ எப்போதோ ‘நீ’ ஆகியிருந்தது. அவள் அதைத் திருத்திக்கொள்ளவில்லை. “நான் சொன்னேன்னு பொய் சொல்லி அடுக்க ஏத்திட்டு, போனதுக்கு என் பேரா?”

சி பிளாக்கிலிருந்து ஜெயஸ்ரீ எழுந்தார். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுப்பவர், சங்கக் கமிட்டியிலும் இருப்பவர். “ஹரி, அவங்க லீவுல இருந்தாங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க.”

“இருந்தாங்க. ஆனா...”

“பாக்ஸை வைக்கச் சொன்னது யார்?”

அவர் லேப்டாப் மேலிருந்த புழுவைப் பேனாவால் தள்ளிவிட்டார். பின்வரிசையில் யாரோ மோகன்ராஜைக் கூப்பிடச் சொன்னார்கள். அவன் வந்து, நடந்ததைத் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

மறுநாள் தாள் மாறியது. ‘முந்தைய அறிவிப்பில் தகவல் பிழை’ என்று மட்டும் இருந்தது. செல்லம்மா அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஜெயஸ்ரீ வீட்டுக்குப் போனாள். “பிழைன்னா யாரு பிழை மேடம்? என்னுதுன்னுதான இன்னமும் படிக்கிறவங்க நெனைப்பாங்க?” ஜெயஸ்ரீ அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்: ‘அடுக்குகளை வைத்தது செயலாளரின் முடிவு. செல்லம்மா அப்போது விடுப்பில் இருந்தார். இனி அவருடைய சம்மதம் இல்லாமல் யாரும் பெட்டிகளைத் திறக்கக் கூடாது.’ சங்கத்தின் முத்திரையோடு அது ஏழு லிஃப்டிலும் ஒட்டப்பட்டதை அவளே போய்ப் பார்த்தாள்.

முருங்கை பூத்தது. மார்ச்சில் வேம்பு தொடங்கியது. பிழைத்த இரண்டில் ஒரு பெட்டியில் எட்டுச் சட்டமும் ஈயால் நிறைந்து, மேல்விளிம்பு வெளுத்தது. அதற்கு ஒரே ஒரு அடுக்கை ஏற்றினாள், புதுச் சட்டங்களோடு. “இன்னொண்ணுக்கும் வெச்சிடலாமே?” என்று நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் கேட்டார்கள். அதில் ஆறு சட்டம்தான் ஆகியிருந்தது. “மாட்டேன்” என்றாள். புங்கை பூக்கும்வரை மூன்று வாரம் அதை அப்படியே விட்டிருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் முதல் அடுக்கிலிருந்து தேன் எடுத்தாள். அந்த வருடம் கிடைத்தது கொஞ்சம்தான். ஹரிபிரசாத் இப்போதெல்லாம் தோட்டத்தின் பக்கமாக வருவதில்லை. நீச்சல் குளத்தைச் சுற்றிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போகிறார். ஒரு தரம் எதிரில் மாட்டிக்கொண்டவர், “எல்லாம் நல்லா போகுதா?” என்று கேட்டார்.

“நாலு குடும்பம் பூட்ச்சி சார்” என்றாள் செல்லம்மா. “அதுக்கு இன்னும் நீங்க ஒரு வார்த்த சொல்லல.”

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நடந்தார்.