தங்கை படித்த மொழி

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தங்கையின் கையை விட்ட அந்தக் காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இருவருக்கும் வெள்ளைச் சீருடை, அம்மா ஒரே துணியில் வெட்டித் தைத்தது. கழுத்துப்பட்டி மட்டும் வேறு. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பக்கம் போகவேண்டும், அவள் சிங்களப் பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு பக்கம். அவளுக்கு அன்றுதான் முதல் நாள். "அக்கா, அங்க யாராச்சும் பேர் கேட்டா என்ன சொல்றது?" என்றாள். "பேரைச் சொல்லு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பேரை நினைத்து எனக்கும் பயமாகத்தான் இருந்தது. தமிழருக்கு எதிரான கலவரம் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

எங்கள் வீடு மஹய்யாவையில். அப்பா நகரத்தில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்தார். கலவரத்தில் கடை எரிந்தது. அன்று, கடைக்கு வழக்கமாக வரும் கெலிஓயா முஸ்லிம் வியாபாரி ஒருவர் எங்கள் நான்கு பேரையும் தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் மறித்தவர்கள் அப்பாவைச் சிங்களத்தில் பேசச் சொன்னார்கள். காலை முதல் மாலை வரை சிங்களத்தில் துணி விற்ற மனிதர் அவர். ஆனாலும் இரண்டாவது சொல்லிலேயே தமிழர் என்று அகப்பட்டுக்கொண்டார். வியாபாரி இறங்கி, கெஞ்சியும் அதட்டியும், இவர் தன் ஆள் என்று சொல்லி எங்களை மீட்டார். அவர் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தோம். திரும்பி வந்த பிறகு அப்பா அம்மாவிடம் சொன்னார்: "பெரியவள இனி மாத்த ஏலாது. சின்னவள சிங்களத்துல போடுவோம். அவ வாயத் தொறந்தா யாருக்கும் தெரியக் கூடாது."

"நம்ம புள்ள நம்ம எழுத்துத் தெரியாமயா வளரணும்?" என்றாள் அம்மா.

"மொதல்ல வளரட்டும்" என்றார் அப்பா.

அவர் கணக்குப் பிழையாகவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் கற்பித்த யாழ்ப்பாண ஆசிரியர் கலவரத்தோடு ஊருக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. ஆய்வுகூடத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். உயர்தர வகுப்பில் கலைப்பிரிவைத் தவிர எனக்கு வேறு வழியிருக்கவில்லை. பிறகு பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியையானேன். தங்கையின் பள்ளிக்கூடத்திலோ எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர்கள் இருந்தார்கள். அவள் முதலாவதாக வந்துகொண்டே இருந்தாள். சிங்களக் கட்டுரைப் போட்டியில்கூட அவளுக்குத்தான் பரிசு. பரிசளிப்பு விழாவுக்குப் புறப்பட்டபோது அவள் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பொட்டு வேணாமேம்மா" என்றாள். அம்மா சேலைத் தலைப்பால் பொட்டைத் துடைத்துக்கொண்டாள். அன்று கைதட்டல் பலமாக இருந்ததாக அம்மா வந்து சொன்னாள்.

தங்கைக்குப் பேராதனையில் மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. சந்தோஷத்தில் அப்பா தெரு முழுக்க இனிப்புக் கொடுத்தார். அதற்குச் சில காலத்தின் பின் நகரில் குண்டு வெடித்தது. எங்கு பார்த்தாலும் சோதனைச் சாவடிகள். ஒரு நாள் தோழிகளோடு பஸ்ஸில் வந்தவளின் அடையாள அட்டையில் பேரைப் பார்த்து இறக்கினார்கள். பஸ் போய்விட்டது, தோழிகள் யாரும் இறங்கவில்லை. ஆனால் யாரோ ஒருத்தி, தான் யாரென்று சொல்லாமல், அப்பா அப்போது வேலை செய்த கடைக்கு ஃபோன் பண்ணிச் சேதி சொல்லியிருந்தாள்.

நானும் அப்பாவும் பொலிஸுக்கு ஓடினோம். தங்கை ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான். தமிழ்ப் பேர் வைத்துக்கொண்டு இவ்வளவு சுத்தமான சிங்களம் எங்கே பழகினாய், யார் பழக்கினார்கள், எதற்காக? எந்த நாக்கு அவளைக் காப்பாற்றும் என்று அப்பா நம்பினாரோ அதுவே அவள்மேல் சந்தேகமாகியிருந்தது. அப்பா அவள் பக்கத்தில் குனிந்து, "சாப்டியாம்மா?" என்று கேட்டார். தங்கை தலையை நிமிர்த்தவில்லை. தமிழில் பேசவேண்டாம் என்று சிங்களத்தில், மெல்லிய குரலில் சொன்னாள்.

அன்று மாலையே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "எனக்குப் பயமாயிருந்திச்சுப்பா." அப்பா அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். கோபமில்லை. ஆனால் அதன் பிறகு, வெளியே எங்கு போனாலும் அவளோடு வாய் திறக்கமாட்டார். அந்தப் பழக்கம் மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அவள் டாக்டராகித் தென்பகுதிக்கு மாற்றலாகிப் போனாள். கூட வேலை செய்த சிங்கள டாக்டரையே கல்யாணம் செய்துகொண்டாள். விடுமுறையில் வருவாள். அப்பா அவள் தட்டில் மீனைத் தள்ளி வைப்பார், பேசமாட்டார்.

அப்பா செய்தது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. என் வகுப்பில் தங்கையைவிடக் கெட்டிக்காரிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியாவது டாக்டராகவில்லை. பன்வில பிள்ளைகளைப் பார்க்கும்போதும் அதே எண்ணந்தான். முன்னுக்கு வர நினைத்த பிள்ளை வீட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாக வேண்டியிருந்தது. விட்டுக்கொடுக்காத பிள்ளைக்கு வழியே இருக்கவில்லை. இரண்டில் ஒன்றை ஒரு தகப்பன் தேர்ந்தெடுக்க நேர்ந்ததே, அதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

அப்பா இறந்த அன்று தங்கை மதியம்தான் வந்து சேர்ந்தாள். மஹய்யாவைப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பாவின் நெஞ்சில் கை வைத்து, "அப்பா" என்றாள். அதற்கு மேல் தமிழில் எதுவும் வரவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது. பிறகு சிங்களத்தில் ஏதோ தொடங்கி, சுற்றியிருந்தவர்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஒப்பாரியும் நின்றது.

அம்மா எழுந்து போய் அவள் முதுகில் கை வைத்தாள். "எதுல வருதோ அதுலயே அழும்மா" என்றாள்.

தங்கை அழுதாள். பொலிஸில் சொன்னதற்கும், அதற்குப் பின் பேசாமல் போன எல்லா வருஷங்களுக்கும் சேர்த்துச் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டாள். அங்கிருந்த பெண்கள் எல்லோருக்கும் அது விளங்கியது. உயிரோடிருந்தால் அப்பாவுக்கும் விளங்கியிருக்கும்.