கட்டி இழுக்காமல் வந்த படகு

வெர்னாவின் வீம்பு அமெரிக்காவில் எங்கள் மெய்ன் கரை முழுக்கப் பிரசித்தம். புருஷன் டெல்மாண்ட் செத்த பிறகும் கடலில் சிங்கி இறால் கூண்டு தூக்குவதை அவள் விடவில்லை. கூலிக்கு ஆள் வைத்துக்கொள் என்றால் அதற்கும் மாட்டாள். பேங்கர் நகரத்தில் இருக்கும் மகள் சார்லீன் ஞாயிறு தவறாமல் காரில் வந்து இதற்காகவே சண்டை போடுவாள். கடைசியில் வெர்னாவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

"யாராவது ஒரே ஒரு தடவை என்னைக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்தா, அன்னிக்கே போட்டை வித்துடறேன். போதுமாடி?"

ஆகஸ்டில் ஒரு நாள், பாறைத்திட்டுக்குப் பக்கத்தில் கூண்டு தூக்கிக்கொண்டிருந்தபோது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சரசரவென்று ஏறியது. வெர்னா பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். எஞ்சினைக் குளிர்வித்த கடல் தண்ணீரைக் கொட்ட வேண்டிய புகைக்குழாய் வெறும் ஆவியைக் கக்கிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்தாள். நீரோட்டம் படகைப் பாறைப் பக்கம் தள்ளியது. சட்டென்று தன் கூண்டுகளின் மிதவை ஒன்றையே கொக்கியால் இழுத்து, அதன் கயிற்றைப் படகில் கட்டினாள். அடியில் கிடந்த கூண்டுகள் படகைப் பிடித்துக்கொண்டன. எத்தனை நேரத்துக்கு என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ரேடியோ கரகரத்தது. பக்கத்துப் படகு ராஸ்கோ.

"என்ன வெர்னாக்கா, நின்ன இடத்துலயே நிக்கிறீங்க? எஞ்சின் மக்கர் பண்ணுதா?"

"சாண்ட்விச் சாப்பிடறேன்டா. அதுக்கும் உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

"கயிறு வேணும்னா சொல்லுங்க, இழுத்து விடறேன்."

"முதல்ல உன் போட்டைப் பாறையில ஏத்தாம ஓட்டக் கத்துக்கோ, போ."

ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த ஊரே சிரித்தது. வெர்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

எஞ்சின் மூடியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டாள். வடிகட்டியில் பாசி இல்லை. அப்படியானால் தண்ணீர் பம்ப்தான். கடல் தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடிவிட்டு, பம்பைக் கழற்றினாள். உள்ளே இருந்த ரப்பர் சக்கரத்தில் பாதி இறக்கைகளைக் காணோம். பிய்ந்ததெல்லாம் குழாய்க்குள் போய் அடைத்திருந்தது. கை சுடச்சுட, நீள மூக்குக் குறடால் ஒவ்வொன்றாக எடுத்து, சக்கரத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் பட்ட பாடு வீண். எல்லாம் சேர்ந்த பிறகே பெட்டியில் வைத்திருந்த புதுச் சக்கரத்தை மாட்டினாள்.

சாவியைத் திருப்பினாள். இது இரண்டு பேர் வேலை. ஒருவர் சாவிப் பக்கம், ஒருவர் புகைக்குழாய்ப் பக்கம்.

"தண்ணி வருதா?" என்று கத்தினாள்.

யாரைக் கேட்டோம் என்பது அப்புறம்தான் உறைத்தது. அவளே ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. முள் மறுபடி ஏறியது.

வால்வு! மூடிய வால்வைத் திறக்கவே இல்லை. ஆயுசு முழுக்கக் கடலில் கிடந்தவள் செய்கிற காரியமா இது! "தொறந்தியா?" என்று டெல்மாண்ட் ஒவ்வொரு தடவையும் கேட்பான். "எனக்குத் தெரியாதா?" என்று இவள் எரிந்து விழுவாள். இப்போது எரிந்து விழக்கூட ஆள் இல்லை.

எஞ்சினை அணைத்து, வால்வைத் திறந்து, மறுபடி கிளப்பினாள். புகைக்குழாய் குபுகுபுவென்று கொட்டியது. போன உயிர் திரும்பி வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிதவைக் கயிற்றை அவிழ்த்து, ஒன்றுமே நடக்காதவள் மாதிரி ராஸ்கோவுக்குக் கையாட்டிவிட்டுக் கரைக்கு வந்தாள்.

சாயங்காலம் சார்லீன் போன் செய்தாள்.

"இன்னிக்கு எப்படிம்மா போச்சு?"

"எப்பவும் போலத்தான்."

"சரிம்மா. நானும் யோசிச்சுப் பார்த்தேன். நீ நல்லாத்தான் சமாளிக்கிற. இனிமே போட்டைப் பத்திப் பேசி உன் உயிரை வாங்கமாட்டேன். இந்த ஞாயிறு நான் வரல. சண்டை போடறதுக்குன்னு வாராவாரம் அவ்வளவு தூரம் எதுக்கு வரணும்?"

பயந்துபோனேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருட்டுவதற்குள் மகள் வாசலில் வந்து நிற்பாள். படகும் கையைவிட்டுப் போகும்.

"அதுவும் சரிதான்டி," என்றாள்.

சார்லீன் போனை வைத்துவிட்டாள். வெர்னா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"வால்வைத் தொறக்க மறந்துட்டேன்டி சார்லி," என்றாள்.