மாதாவுக்கு வைத்த வெள்ளிக் காது

1953-ஆம் வருடம் நவம்பர் மாதம் 17-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். கீரனூரில் விடியற்காலையிலிருந்து விடாத தூறல். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். தபால்காரர் வாசலில் நின்று ஒரு காகிதக் கட்டை நீட்டினார். ஒரு மூலை நனைந்திருந்தது. பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, கனத்திலேயே தெரிந்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். என் நாவல் திரும்பி வந்துவிட்டது.

அன்பானவர்களே, தேவமாதா எனக்குச் செய்த உதவியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இப்போது எனக்கு அறுபத்து நாலு வயது. அரைமணி உட்கார்ந்து எழுதினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கண்ணாடி வேறு மூக்கிலிருந்து நழுவுகிறது. ஆனாலும் இதைச் சொல்லாமலே போய்விடுவேனோ என்கிற கவலை அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

முப்பத்து மூன்றாவது வயதில் கதை எழுத ஆரம்பித்தேன். நாற்பத்தாறு கதைகள் பட்டணத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். நாற்பத்தாறும் திரும்பி வந்தன. எல்லாவற்றோடும் அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு இருக்கும், பிரசுரிக்க இயலவில்லை, வருந்துகிறோம் என்று. எதனால் இயலவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருத்திக்கொண்டிருப்பேன். சிறுகதை நமக்கு வராது, நாவல்தான் வரும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு இரண்டு வருடம் அந்த நாவலை எழுதினேன். பள்ளிக்கூடம் போகுமுன் எழுத வேண்டும் என்று தினமும் நாலரை மணிக்கு எழுந்திருப்பேன். என் மனைவி அருளாயியும் கூடவே எழுந்து வரக்காப்பி போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். கதாநாயகன் லண்டனில் படித்த பாரிஸ்டர். கதாநாயகி பம்பாயில் மாளிகையில் இருப்பவள். நான் திருச்சியைத் தாண்டிப் போனது வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, அதுவும் தஞ்சாவூருக்கு, பெரியப்பாவை அடக்கம் செய்ய.

கட்டை அப்படியே குதிருக்கு மேல் போட்டேன். பேனாவைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். இனி எழுதுவதில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அது முடிந்த காரியம் போலத்தான் இருந்தது. பதினெட்டு வருடம் ஒரே கிணற்றைத் தோண்டியவன் பாறையில் கடப்பாரையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தது போல உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது. அருளாயி எது கேட்டாலும் தலையை ஆட்டுவேன். ஒருநாள் அவள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“வீடு எழவு வீடு மாதிரி இருக்கு. யாரு செத்தாங்கன்னு சொன்னீங்கன்னா நானும் கூட உக்காந்து அழுவேன்ல” என்றாள்.

அன்று ராத்திரி செபமாலை சொல்லும்போது எத்தனையாவது மணியில் இருக்கிறேன் என்பது மறந்துபோயிற்று. எனக்கு எண்ணிக்கை தவறியது அதுதான் முதல் தடவை. பயந்துவிட்டேன். எழுத்துதான் போயிற்று, செபமும் போய்விடுமோ என்று இருந்தது.

அருளாயிக்குப் பிறந்த ஊர் ஆவூர். அடுத்த கோடையில் அந்த ஊர் மாதா கோவில் தேர்த் திருநாளுக்குப் போய்வரலாம் என்றாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. உடம்பில் எந்த இடத்தில் நோவோ அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கி மாதா பாதத்தில் வைத்து வேண்டிக்கொள்வார்கள். கண் நோய்க்காரர் கண், கால் முடியாதவர் கால். தேரடிக் கடைகளில் விற்பார்கள். எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஒரு வெள்ளிக் கை வாங்கி வைப்பது. எழுதுகிறவனுக்குக் கைதானே எல்லாம். தாயே, இந்தக் கை ஒன்று சரியாக ஓடட்டும், இல்லை நிம்மதியாக நின்றுவிடட்டும், ஏதாவது ஒரு வழியைக் காட்டும் என்று மன்றாட நினைத்திருந்தேன். அதைப் பத்து நாள் முன்னாலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

திருநாளன்று கடும் வெயில். கூட்டத்தில் ஒரு செருப்பு அறுந்துவிட்டது. தேரடிக் கடைக்கு நாங்கள் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கடைக்காரர் தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“கை தீந்துபோச்சுங்க. அறுப்புல அருவா பட்டவக, நெல்லு அடிச்சுக் கை வீங்குனவகன்னு எல்லாரும் அள்ளிட்டுப் போயிட்டாக. காலு இருக்கு, கண்ணு இருக்கு. காது ஒண்ணு கெடக்கு.”

எனக்கு அழுகை வராத குறை. மாதாவிடமிருந்துகூட என் மனு திரும்பி வருகிறது என்று தோன்றியது. அங்கிட்டு வேறு கடையில் பார்க்கலாமா என்று கேட்டேன். எங்கேயும் இல்லை என்றார். அருளாயிக்குக் கால் வலி. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

“காதைக் கொடுங்க” என்றாள் கடைக்காரரிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஒங்க கைக்கு என்ன கேடு? பதினெட்டு வருசமா அதுபாட்டுக்கு எழுதிக்கிட்டுத்தான் இருக்கு. காதுதான் வேல செய்யல. ஆறு மாசமா நான் பேசுனதுல ஒண்ணு சொல்லுங்க பாப்போம்.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மனக்குறையோடுதான் அந்தக் காதைக் கொண்டுபோய் மாதா பாதத்தில் வைத்தேன். பத்து நாளாகத் தயார் செய்த செபம் ஒரு வரிகூட வரவில்லை. தாயே, கை கிடைக்கவில்லை, இதுதான் கிடைத்தது, நீரே பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னேன். அதுதான் நான் செய்த முழு மன்றாட்டு.

திருநாளுக்கென்று விட்ட பஸ்ஸில் கீரனூருக்குத் திரும்பினோம். அருளாயி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எங்களுக்குப் பின்சீட்டில் ஒரு குடியானவரும் அவர் சம்சாரமும். ஐம்பத்தைந்து அறுபது வயது இருக்கும். பாதி வழியில் அந்த அம்மாள் கேட்டார்.

“விக்கிறதுக்கு முன்னாடி அதுக்குத் தண்ணி காட்டுனீங்களா?”

“காட்டுனேன்.”

“எத்தன வாளி?”

“ரெண்டு.”

பஸ் ஒரு மைல் ஓடியிருக்கும்.

“மூணு குடிக்கும் அது” என்றார் அந்த அம்மாள்.

அவ்வளவுதான். அதற்குமேல் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைக் கேட்காமல் ஏன் மாட்டை விற்றீர்கள் என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. வேறு வழியில்லை என்று அவரும் சொல்லவில்லை. என் நாவலில் மனைவியின் நகையைக் கேளாமல் விற்ற கணவனிடம் அவள் ஒன்றரைப் பக்கம் பேசுவாள். “என் பிராண நாதரே, தாங்கள் செய்தது தகுமோ?” என்று ஆரம்பித்து. இந்தப் பூமியில் எந்தப் பெண் புருஷனிடம் அப்படிப் பேசியிருக்கிறாள்? நாற்பத்தாறு கதையிலும் ஒரு நாவலிலும் மனிதர்கள் பேசுவது போல ஒருவரும் பேசவில்லை என்பது அந்த பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பேச்சு எங்கள் வீட்டு அடுப்படியில், பள்ளிக்கூட வாசலில், சந்தையில், என்னைச் சுற்றி எப்போதும் இருந்திருக்கிறது. கேட்கத்தான் எனக்குக் காது இல்லை. மாதா அதைத் திறந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். பதினோரு நாளில் ஒரு கதை முடிந்தது. ஒன்பது பக்கம். லண்டன் இல்லை, பம்பாய் இல்லை. ஒரு வீடு, ஒரு காலித் தொழுவம், இரண்டு பேர்.

அதுவரை அருளாயிக்கு நான் கதை படித்துக் காட்டியதில்லை. அன்று படித்தேன். அவள் அகத்திக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நடுவில் கை நின்றுவிட்டது. கதை முடிந்தது. பிறகு,

“அந்த மாட்டை வாங்கிட்டுப் போனவுக நல்லா வச்சுக்கிறாகளா?” என்று கேட்டாள்.

அன்பானவர்களே, என் மன்றாட்டு கேட்கப்பட்டது அந்த நிமிடத்தில். அந்தக் கதை அந்த வருடம் ஐப்பசியில் ஒரு பத்திரிகையில் வந்தது. அது பிறகு நடந்தது. அதற்கு முன்னாலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மாடு எப்படி இருக்கிறது என்று கேட்கிற ஒரு வாசகி எனக்குக் கிடைத்துவிட்டாள், அதுவும் என் வீட்டிலேயே.

நடக்காத கால் நடந்தால் புதுமை, தேவ அற்புதம் என்று ஒப்புக்கொள்கிறோம். இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. என் மைத்துனர்கூட, பஸ்ஸில் யாரோ பேசினதெல்லாம் புதுமையா மாமா என்றார். நான் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. எத்தனையோ பஸ்ஸில் எத்தனையோ பேர் எனக்குப் பின்னால் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். அன்றைக்குத்தான் எனக்குக் கேட்டது. அதற்கு முன் நான் செய்தது ஒரே ஒரு காரியம், கேட்டது கிடைக்காமல் கிடைத்ததை மாதா காலடியில் வைத்தேன்.

அதற்குப் பிறகும் கதைகள் திரும்பி வந்தன. இன்றுவரை பத்தொன்பது. வந்த அன்று சாப்பாடு இறங்காது, மறுநாள் சரியாகிவிடும். ஆனால் அருளாயி பேசுவதில் ஒன்றையும் இப்போது விடுவதில்லை. சில சமயம் அவளே, போதும், எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்காதீங்க, பயமா இருக்கு என்கிறாள்.

உங்களில் யாராவது ஒரு காரியத்தில் வருடக்கணக்காகத் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தால், கொஞ்சம் பொறுங்கள். தாயிடம் போங்கள். நீங்கள் நினைத்த உறுப்பு அங்கே கிடைக்காமல் போகலாம். கையில் கிடைத்ததை வைத்துவிட்டு வாருங்கள். எங்கே நோவு என்பது நம்மைவிட அவர்களுக்குத் தெரியும்.

ஒரு கவலை மட்டும் எனக்கு இருந்தது. நேர்ந்துகொண்டது கை, வைத்தது காது. கடன் நிற்கிறதோ? எங்கள் கோவில் பங்குச் சாமியாரிடம் கேட்டேன். அவர் சிரித்து, மாதா கணக்கு வைத்துக்கொள்வதில்லை, வாத்தியாரே என்றார். அவர்கள் வைத்துக்கொள்ளாவிட்டாலும் நான் வைத்துக்கொள்கிறேனே. மறு வருடம் காலை எட்டு மணிக்கே போய்க் கையும் வாங்கி வைத்துவிட்டேன். அருளாயி பேரில் வைத்தேன், இரண்டு வருடம் நாலரை மணிக்குக் காப்பி போட்ட கை அவளுடையது. இரண்டு வருடமும் இரண்டு பேருக்கும் போக வர பஸ் சார்ஜ் மூன்று ரூபாய், காது பதினாலு அணா, கை ஒரு ரூபாய் இரண்டணா, மெழுகுவத்தி எட்டணா, அருளாயிக்கு வளையல் பன்னிரண்டணா. ஆக மொத்தம் ஆறு ரூபாய் நாலணா.