மீன் ஆயும்போது சொன்னது

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் அஞ்சலாட்சியிடம் போனால் இரண்டு சரக்கு கிடைக்கும். ஒன்று மீன். மற்றது நீங்கள் கேட்காத அபிப்பிராயம். முதலாவதற்குத்தான் காசு. இரண்டாவது இலவசம் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. காசைக் கொடுத்த பிறகு மீன் அவள் கையில்தான் இருக்கும். அவள் அதை ஆய்ந்து, கழுவி, உங்கள் பையில் போடுகிற வரைக்கும் நீங்கள் அங்கேயே நின்றாக வேண்டும்.

எந்த மீனோ அதற்கேற்ற பேச்சு. வஞ்சிரம் வாங்குகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அரிவாள்மணையில் நாலு இழுப்பில் துண்டு போட்டுவிடுவாள். அதற்குள் அவர்கள் உடம்பு இளைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் உண்டு. சங்கரா என்றால் செதில் உரிக்கிற நேரத்துக்கு முனிசிபாலிட்டியைப் பற்றிக் கேட்கலாம். நெத்திலி வாங்கினவர் பாடுதான் திண்டாட்டம். ஒவ்வொன்றாகத் தலையைக் கிள்ளிக் குடலை உருவி முடிப்பதற்குள் வைத்தியம், சட்டம், அரசியல், அடுத்த வீட்டுச் சம்பந்தம் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுதி முடித்திருப்பாள்.

சர்க்கரை வியாதி என்பது டாக்டர்கள் கிளப்பிவிட்ட புரளி என்பது அவள் கட்சி. "எங்கப்பன் செத்தாரு. என்னா வியாதின்னு யாருக்காச்சும் தெரியுமா? டாக்டருகிட்ட போவல, அதனால வியாதியே இல்ல. சும்மா செத்தாரு" என்பாள். இதை மறுத்துப் பேச இன்றுவரை ஆள் பிறக்கவில்லை. ஆனால் ஊசி மட்டும் அவளுக்குச் சம்மதம். மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்புகிறவன் சோம்பேறி, இடுப்பில் ஊசி போடுகிறவன்தான் டாக்டர்.

சட்டமும் அவளிடம் தப்பியதில்லை. அப்போதெல்லாம் சைக்கிளில் இரண்டு பேர் போனால் போலீஸ் பிடிக்கும். "ஒரு சைக்கிள்ல ரெண்டு பேரு போனா புடிக்கிறான். சாராயக்கடையிலேர்ந்து ஒருத்தன நாலு பேரு தூக்கினு போறானுங்களே, அத மட்டும் ஏன் புடிக்கல?" என்று கேட்பாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் நெத்திலி வாங்க வந்த சுப்பிரமணியனுக்குத்தான் நேரும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் மேரி என்கிற நகரசபை ஆபீசில் பிறப்பு இறப்பு பதிந்த குமாஸ்தா அவர். ரிட்டையர் ஆன பிறகு அவர் சட்டம் பேசக் கிடைத்த ஒரே இடம் இதுதான். அங்கும் அவருக்கு வாய்த்தது "வுய் மதாம், வுய் மதாம்" என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுத் தலையாட்டுகிற வேலை மட்டுமே.

இத்தனை அபிப்பிராயங்களிலும் அவள் உசத்தியாக வைத்திருந்தது ஒன்று. புருஷன் வீட்டை விட்டு வந்துவிடுகிற பெண்களைப் பற்றியது.

"கை நீட்டாத ஆம்பள எவன் இருக்கான்? ரெண்டு அடி வுழுந்தா பைய தூக்கினு ஆத்தா வூட்டுக்கு வந்துர்றதா? அலை அடிக்குதேன்னு கட்டுமரத்த கரையிலயே போட்டு வெக்கிறானா? திரும்பிப் போடி. போயி உக்காரு. தன்னால அடங்குவான்."

அடியைப் பற்றி இவ்வளவு விவரமாகப் பேசிய அஞ்சலாட்சியை அவள் புருஷன் ஒருநாளும் அடித்தது கிடையாது. கையை ஓங்குமுன் ஒரு வார்த்தையாவது சண்டை போட வேண்டுமல்லவா? அந்த ஒரு வார்த்தைக்கே அந்த மனிதருக்கு வீட்டில் இடம் கிடைத்ததில்லை. வாயைத் திறக்காமலே வாழ்ந்து, ஒருநாள் வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தார். ஆனாலும் அடி வாங்குவது எப்படி என்று அவளிடம் பாடம் கேட்டுப் போன பெண்கள் அவள் குடியிருந்த வம்பாக்கீரப்பாளையத்தில் உண்டு.

அவர்களில் ஒருத்தி சின்னப்பாப்பா. எழுபத்து நாலில் ஒரு காலையில், உதட்டில் காய்ந்த ரத்தத்தோடு மார்க்கெட்டுக்கே வந்து அஞ்சலாட்சி எதிரில் உட்கார்ந்தாள். தாய் தகப்பன் இல்லாதவள். அக்கா என்று தான் கூப்பிடும் அஞ்சலாட்சியின் வீட்டில் கொஞ்ச நாள் ஒண்டிக்கொள்ளலாமா என்று கேட்க வந்தவள். அவளுடைய போதாத காலம், அன்று அஞ்சலாட்சி ஆய்ந்துகொண்டிருந்தது நெத்திலி. பேச்சு நீண்டது. கூடை காலியாவதற்குள் சின்னப்பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷன் காத்தவராயனிடமே திரும்பிப் போனாள். அந்த மழைக்காலத்தில் அவன் அவள் இடது மணிக்கட்டை முறித்தான். அது கோணலாகவே கூடிக்கொண்டது.

காத்தவராயன் அதற்கப்புறமும் சில வருஷம் குடித்து, குடல் வெந்து செத்தான். அஞ்சலாட்சி கல்நெஞ்சக்காரி அல்ல. சின்னப்பாப்பாவைக் கூட்டிவந்து தன் பக்கத்திலேயே இடம் பிடித்துக் கொடுத்துக் கருவாடு விற்க வைத்தாள். உதவி செய்ததோடு விட்டிருக்கலாம். அவளையே உதாரணமாகவும் ஆக்கிக்கொண்டாள்.

"இதோ பாரு, இவளக் கேளு. பொறுத்துக் கெடந்தா. இன்னைக்கு நாலு பேரு மத்தியில மரியாதையா உக்காந்திருக்கா!" என்று மீன் ரத்தம் வழிகிற கையால் சுட்டிக் காட்டுவாள். கேட்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சின்னப்பாப்பா நல்ல கையால் கருவாட்டின் மேல் ஈ ஓட்டிக்கொண்டிருப்பாள். அவள் ஒரு பதிலும் சொன்னதில்லை. பதில் இல்லாததை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வது அஞ்சலாட்சி வழக்கம்.

எண்பத்து மூன்றில் பொங்கல் கழிந்த ஒரு காலை. சுப்பிரமணியனின் நெத்திலி அஞ்சலாட்சி கையில் இருந்தது. ஊரில் டெலிவிஷன் பெட்டி வாங்குகிறவர்களுக்குக் கண் அவிந்து போகும் என்பதை அவள் நிரூபித்துக்கொண்டிருந்த நேரம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் மகள் ராஜாம்பாள் வந்தாள். உழவர்கரையில், மில் வேலைக்காரன் பக்கிரிக்குக் கட்டிக் கொடுத்த ஒரே மகள். கையில் துணிப்பை. முந்தானையை முக்காடாக இழுத்துவிட்டிருந்தாள். குனிந்து உட்கார்ந்தபோது முக்காடு நழுவியது. ஒரு கண் மூடிக் கிடந்தது. கன்னம் நீலம் பாரித்திருந்தது.

அஞ்சலாட்சி பேச்சை நிறுத்தினாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக சுப்பிரமணியனுக்கு மார்க்கெட்டின் மற்ற சத்தங்கள் கேட்டன. அவர் பயந்துவிட்டார்.

"யாரு? மாப்பிள்ளையா?"

ராஜாம்பாள் தலையாட்டினாள். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேம்மா. வீக்கம் வடிஞ்சதும் போயிடறேன். ஒனக்கு வெக்கக்கேடா இருந்தா இப்பவே போயிடறேன்."

"எதுக்குடி போவணும்?"

"நீதானம்மா சொல்வ" என்றாள் ராஜாம்பாள். அதைக் குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. பாடத்தை ஒப்பிப்பது போலச் சொன்னாள். அதுதான் அஞ்சலாட்சிக்கு உறைத்தது. ஊருக்கெல்லாம் சொன்ன பேச்சை முழுசாக நம்பினது தன் மகள் ஒருத்திதான் போலிருக்கிறது.

சற்று நேரத்தில் பக்கிரியும் வந்து சேர்ந்தான். குளித்து, தலை வாரி, நெற்றியில் விபூதி இட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பெண்டாட்டியை அடித்தவர்கள் மறுநாள் காலையில் எப்போதும் கோயிலிலிருந்து வருகிறவர்களைப் போலத்தான் இருப்பார்கள். அவன் முகத்தில் பயம் இல்லை. மாமியாரின் அபிப்பிராயம் எது என்று புதுச்சேரிக்கே தெரியும்போது மாப்பிள்ளைக்குத் தெரியாதா?

"கோவத்துல கை பட்டுடுச்சு அத்த. அதுக்காக இவ சொல்லாம கொள்ளாம பைய தூக்கினு வந்துட்டா. நீங்களே புத்தி சொல்லி அனுப்புங்க. நீங்க சொல்லாத ஞாயமா?"

மீன் வாங்க வந்தவர்கள், விற்கிறவர்கள், கூடை தூக்குகிறவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். யாருக்கும் மீன் அவசரம் இல்லை.

"அவ வர மாட்டா" என்றாள் அஞ்சலாட்சி.

"என்னா அத்த, ஊருக்கு ஒரு ஞாயம், ஒங்க வூட்டுக்கு ஒரு ஞாயமா?"

அவ்வளவுதான். அஞ்சலாட்சி அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "பொம்பளய அடிக்கிறவன் ஆம்பளையா? இவனுங்களயெல்லாம் கைய கட்டி உள்ள வெக்கணும். வயித்துக்குச் சோறு போட்டு, கட்டிக்கத் துணி எடுத்துக் குடுத்து வளத்த பொண்ண அடிக்க இவன் யாரு? எந்தச் சட்டத்துல எழுதியிருக்குது?" என்று அடித்தொண்டையில் கத்தினாள். நேற்றுவரை இதற்கு நேரெதிராகப் பேசிய அதே குரல், அதே கையாட்டல். கேட்டவர்களும் நேற்றுவரை ஆட்டின அதே தலையை அதே மாதிரி ஆட்டினார்கள். தலைகளுக்கென்ன, எந்தப் பக்கம் ஆட்டினாலும் வலிக்காது.

"வுய் மதாம்! பிரெஞ்சு காலத்துலயே இதுக்கு..." என்று ஆரம்பித்தார் சுப்பிரமணியன்.

"நீங்க சும்மா இருங்க சாமி!"

ராஜாம்பாள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "வுடும்மா. பெத்த பாசத்துல பேசற. நாளைக்கு ஊரு ஒன்ன என்னா சொல்லும்? சின்னப்பாப்பா அத்தைய அனுப்பின. அத்த போனாங்க. பொறுத்துனு இருந்தாங்க, இன்னைக்கு நல்லா இருக்காங்கன்னு நீதான சொல்ற? நானும் போறேன்."

சொல்லிவிட்டு உண்மையாகவே சைக்கிளைப் பார்த்து நடந்தாள். பக்கிரி சிரித்த முகமாக கேரியரைத் துடைத்தான்.

அஞ்சலாட்சிக்கு அப்போதுதான் விளங்கியது. தொண்டை கிழியக் கத்தினாலும் மகள் நிற்கப்போவதில்லை. அவளை நிறுத்துகிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆயுசில் ஒரு தடவைகூட அவள் வாயில் வராத வார்த்தை. அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அந்த ஆள் மகளும் அல்ல, மாப்பிள்ளையும் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"சின்னப்பாப்பா."

"என்னாக்கா."

"அன்னைக்கு ஒனக்கு நான் சொன்னது தப்பு." பிறகு மார்க்கெட்டுக்கே கேட்கிற மாதிரி மறுபடியும் சொன்னாள். "நான் சொன்னது தப்பு. ஒன்ன நான் அனுப்பியிருக்கக் கூடாது. என் வூட்டுல வெச்சினு இருந்திருக்கணும். அடியப் பத்தி எனக்கு என்னாடி தெரியும்? நான் பட்டிருந்தாத்தானே?"

யாரும் தலையாட்டவில்லை. எப்படி ஆட்டுவதென்று தெரியவில்லை போலிருக்கிறது.

சின்னப்பாப்பா ஈ ஓட்டுவதை நிறுத்தினாள். "தெரியும்க்கா" என்றாள். "தப்புன்னு போன அன்னைக்கே தெரியும்."

பிறகு கருவாட்டுக் கூடையைக் கோணல் கையால் நகர்த்தி, சாக்கை உதறி இடம் பண்ணினாள். "வாடி ராஜாம்பா. இங்க வந்து உக்காரு."

ராஜாம்பாள் அந்தக் கையைப் பார்த்தாள். சின்ன வயசிலிருந்து பார்த்த கைதான். பையைக் கீழே வைத்துவிட்டு வந்து சாக்கில் உட்கார்ந்து, முதல்தடவையாக வாய்விட்டு அழுதாள். பக்கிரி பஞ்சாயத்தைக் கூட்டுவேன் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். பதில் சொல்ல ஆளில்லாததால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

கூட்டம் கலைந்தது. அஞ்சலாட்சி மறுபடி உட்கார்ந்து, சுப்பிரமணியனின் மிச்ச நெத்திலியை ஒரு வார்த்தை பேசாமல் ஆய்ந்து கொடுத்தாள். அவரும் வாங்கிக்கொண்டு ஓசைப்படாமல் நகர்ந்தார். கையைக் கழுவிக்கொண்டு, பக்கத்தில் பார்க்காமலே அஞ்சலாட்சி கேட்டாள்.

"தெரியும்னா, இத்தினி வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி?"

சின்னப்பாப்பா ராஜாம்பாளின் கன்னத்தில் தண்ணீர்த் துணியை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ எங்கக்கா பேச வுட்ட?"